அந்த மனை யாருடையது, தம்பி?

கேள்வி: அவனியாபுரத்தில் வளர்ந்தவன் நான். தலைக்கு மேல் விமானம் தாழ்ந்து போவதைப் பார்த்துப் பார்த்தே பைலட் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்பாவால் என்னை என்ஜினீயரிங் வரைதான் படிக்க வைக்க முடிந்தது. அதற்காக அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்று மில் வேலைக்குப் போனாள், அது ஒருபுறம் இருக்கட்டும். இன்று 37 வயதில், வாகனக் கடன் கொடுக்கும் நிறுவனத்தில் கிளை மேலாளராக இருக்கிறேன். தூக்கமே வருவதில்லை. மறைந்த அப்பா வாங்கிப் போட்ட மனையை விற்று, இப்போதாவது பயிற்சியில் சேரலாமா?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தம்பி, கலெக்டர் கனவு கண்டு மளிகைக் கடை வைத்தவர், டாக்டர் கனவு கண்டு மருந்துக் கடையில் நிற்பவர் என்று எனக்கு வராத கடிதம் இல்லை. பத்து வயதுப் பிள்ளை கண்ணில் பட்டதைத்தான் ஆசைப்படும். உங்கள் கண்ணில் விமானம் பட்டது. வாகனக் கடன் வசூலிக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் கனவு காண்பதில்லை. அந்த வேலையையும் யாராவது செய்யத்தான் வேண்டும். இதற்கெல்லாம் ஆறுதல் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

பைலட் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும், 200 மணி நேரம் பறந்து பழக வேண்டும். செலவு அரைக் கோடியைத் தொடும். அதன் பிறகு இருபத்து மூன்று வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று வேலை தேட வேண்டும். சட்டம் தடுக்கவில்லை. நான் தடுக்கிறேன்.

‘அது ஒருபுறம் இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, எது ஒருபுறம் இருக்கட்டும்? பதினான்கு வயதுப் பெண் விடிவதற்குள் மில் வேனில் ஏறிப் போனதா? நூற்பாலையில் சைடர் வேலை என்றால் என்னவென்று ஒரு நாளாவது போய்ப் பார்த்தீர்களா? ஷிப்டு முழுக்க உட்கார இடமில்லை. ஓடுகிற இயந்திரத்தின் பக்கமாகவே நடந்து, அறுந்த இழையை விரலால் பிடித்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். வீடு திரும்பும்போது தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சு. அந்தச் சம்பளத்தில்தான் உங்கள் செமஸ்டர் கட்டணம் போயிருக்கிறது. உங்கள் ஆசைக்கு ஒரு பக்கம் முழுவதும் எழுதியவர், அக்காவுக்கு அரை வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். அவள் என்னவாக ஆசைப்பட்டாள்? கடிதத்தில் இல்லை. உங்களுக்கே தெரியாது என்பது என் சந்தேகம்.

இப்போது மனைக்கு வருவோம். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அக்காவுக்கும் உங்களுக்கும் அதில் சம பங்கு. அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. நீங்களோ ஏதோ உங்கள் சட்டைப்பையில் கிடப்பதைப் போல ‘விற்று’ என்கிறீர்கள். பத்திர அலுவலகத்துக்கு வா என்று கூப்பிட்டால் அக்கா வந்துவிடுவாள். ‘தம்பிக்குத்தானே’ என்று கையெழுத்தும் போட்டுவிடுவாள். அதுதான் எனக்குப் பயம். நம் பக்கத்துப் பெண்கள் இப்படிக் கையெழுத்துப் போட்டே பழகியவர்கள். அவள் பிள்ளைகளுக்குக் காதுகுத்து என்றால் நீங்களும் தாய்மாமன் சீரைத் தாம்பாளத்தில் ஏந்தி, மேளத்தோடுதான் போயிருப்பீர்கள். ஊர் பார்க்கச் செய்யும் சீரோடு கடன் தீர்ந்துவிட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உடன்பிறந்தவளின் படிப்பை வாங்கிப் படித்தவன் அதைத் திருப்பித் தர வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போங்கள். மனைப் பேச்சை எடுக்காதீர்கள். சின்ன வயதில் என்னவாக நினைத்தாய் என்று கேளுங்கள். சிரித்து மழுப்புவாள், விடாமல் கேளுங்கள். படிக்கிறேன் என்றால், பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வயது வரம்பு கிடையாது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும்; அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பத்தும் பன்னிரண்டும் எழுதாமல் நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அப்படி வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-லேயே தமிழக அரசு ஆணை போட்டுவிட்டது. படிப்பு வேண்டாம், என் பங்குப் பணமாக வேண்டும் என்றால் அதையும் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

உங்கள் பங்கில் மிஞ்சுவது பயிற்சிக்குப் போதுமா என்று அதற்குப் பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.