ஒருமுறை அழுத்தினால் இரண்டு கிளிக்: எந்த மவுஸ் வாங்க?

கேள்வி: குளச்சலில் கடலுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஒயர் மவுஸ் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஒருமுறை அழுத்தினால் இரண்டு கிளிக் ஆகிறது. ஃபைலை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் விட்டுவிடுகிறது. சில நேரம் அம்புக்குறியும் துள்ளுகிறது. கடையில் 3200 டிபிஐ கேமிங் மவுஸைக் காட்டுகிறார்கள். தம்பியோ, "ஒயர்லெஸ் வாங்குக்கா" என்கிறான். எதை வாங்க?

பதில்: இரண்டு தொந்தரவையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். கிளிக் இரட்டிப்பது மவுஸின் குற்றம். அம்புக்குறி துள்ளுவது பெரும்பாலும் மேசையின் குற்றம். உங்கள் மேசையில் கண்ணாடி போட்டு, அதற்கு அடியில் ரேட் அட்டையும் காலண்டரும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மவுஸின் வயிற்றில் இருக்கும் சின்ன கேமரா, விளக்கு வெளிச்சத்தில் மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை படம் பிடித்து, எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போடுகிறது. வழவழவென்ற கண்ணாடியில் அதற்குப் பார்க்க ஒன்றும் கிடைக்காது. ஒரு நோட்டு அட்டையை மவுஸுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். துள்ளல் நின்றால் அந்த வழக்கு அங்கேயே முடிந்தது. மவுஸ் பேட் இல்லாமல் ஓட்டினால் புது மவுஸும் இதே மாதிரி துள்ளும்.

சரி, கிளிக்குக்கு வருவோம். இடது பட்டனுக்கு அடியில் நிலக்கடலை அளவில் ஒரு சுவிட்ச் உண்டு. அதற்குள் மெல்லிய உலோகத் தகடு. அழுத்தினால் வளைந்து தொடும், விட்டால் டக்கென்று திரும்பும். நாள்பட்டால் தகட்டின் விறைப்பு குறையும், தொடுகிற இடத்தில் களிம்பு ஏறும். அப்புறம் ஒரே அழுத்தலில் தொட்டு, விட்டு, மறுபடி தொடும். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு கிளிக். இழுக்கும்போது நடுவில் தொடர்பு அறுந்தால், நீங்கள் விரலை எடுத்துவிட்டதாக நினைத்து ஃபைலைக் கீழே போட்டுவிடும்.

இந்தச் சுவிட்ச்சுகளில் பல 1 கோடி கிளிக் தாங்கும் என்று சொல்லி விற்கப்படுபவை. நாளைக்கு 5000 கிளிக் என்று வைத்தாலும் ஐந்தரை வருடம் ஓட வேண்டும். மூன்றிலேயே போனதில் கடல் காற்றுக்கும் பங்கு உண்டு என்பேன். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு நம் மாவட்டத்தில் ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஈரம் காய நேரம் கிடைப்பதில்லை. சுவிட்ச்சை மட்டும் சால்டர் பண்ணி மாற்றலாம்தான். ஆனால் சாதாரண மவுஸுக்கு அந்தக் கூலி கட்டாது. எண்ணெய் ஸ்பிரே அடித்துப் பார்க்கவும் வேண்டாம். அதில் தூசி ஒட்டிக்கொள்ளும்.

தம்பி சொல்லும் ஒயர்லெஸ் மவுஸிலும் பெரும்பாலும் இதே மாதிரி சுவிட்ச்தான். ஒயர் போனதால் கிளிக் சரியாகிவிடாது. கூடவே பேட்டரி செலவு வரும். அதன் சிக்னலை வாங்க யூஎஸ்பி துளையில் செருகும் டாங்கிள் சுண்டுவிரல் நகம் அளவு. கடைக் கூட்டத்தில் தொலைந்தால் மவுஸும் போச்சு. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை நீல நிற யூஎஸ்பி துளையில் செருகும்போது, பக்கத்திலிருக்கும் டாங்கிளின் சிக்னல் தடுமாறுவதும் உண்டு. ஒரே மேசை, ஒரே சிபியு என்று உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஒயர்தான் என் ஓட்டு.

டிபிஐ கணக்கில் ஏமாற வேண்டாம். மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளி எண்ணும் என்பதுதான் அது. உங்கள் திரையின் அகலம் 1920 புள்ளி என்றால், 1000 டிபிஐ மவுஸ் ஏறக்குறைய இரண்டு அங்குலத்தில் திரையைத் தாண்டிவிடும். 3200 வைத்தால் முக்கால் அங்குலம்கூட வேண்டாம். ஆதார் விண்ணப்பத்தில் அந்தச் சின்னக் கட்டத்தை டிக் செய்வதற்குள் கை நடுங்கிப்போகும். வேகத்தைக் குறைத்து வைக்கலாம். ஆனால் குறைத்து வைக்கத்தான் போகிறோம் என்றால் அதற்கு ஏன் காசு?

கேமிங் மவுஸில் உங்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடியது ஒன்று உண்டு: ஆப்டிகல் சுவிட்ச். உலோகம் தொடுவதற்குப் பதில் ஒளிக்கீற்றை மறித்துத் திறப்பதால், களிம்புக்கும் இரட்டைக் கிளிக்குக்கும் இடமில்லை. விலைதான் இடிக்கும். லாஜிடெக் பி100, டெல் எம்எஸ்116 மாதிரியான சாதா ஒயர் மவுஸ் உங்கள் வேலைக்குப் போதும்.

பணம் கொடுக்குமுன் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, கையில் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை அதன் மேல் படிய வேண்டும். லேப்டாப்புக்கு என்று விற்கும் குட்டி மவுஸைப் பிடித்தால் சாயங்காலம் மணிக்கட்டு வலிக்கும். இடது பட்டனை நுனியிலும் நடுவிலும் அழுத்தினால் ஒரே சத்தம் வரவேண்டும். சிபியு மேசைக்கு அடியில் இருந்தால் ஒயர் 1.8 மீட்டர் நீளம் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் இழுபட்டு, மவுஸுக்குள் நுழைகிற இடத்தில்தான் முதலில் அறும். தேதி போட்ட பில்லை வாங்கி வையுங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

புதுசு வாங்கும்வரை வேலை நிற்க வேண்டாம். விண்டோஸின் மவுஸ் செட்டிங்கில் முதன்மை பட்டனை வலது என்று மாற்றிக்கொள்ளுங்கள். வலது பக்கச் சுவிட்ச் அதிகம் அடிபட்டிருக்காது. இரண்டு நாள் விரல் குழம்பும், மூன்றாம் நாள் பழகிவிடும்.