பின்மண்டைத் தழும்பில் ஊசி போட்டால் முடி முளைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 29. மூன்று வருடங்களுக்கு முன்பு முன்வழுக்கைக்கு முடி மாற்று சிகிச்சை செய்துகொண்டேன். பின்மண்டையில் தோலைப் பட்டையாக வெட்டியெடுத்துத் தைத்தார்கள். அந்த இடத்தில் காதுக்குக் காது கோடு போட்டதுபோல் தழும்பு. முடியை ஒட்ட வெட்டிக்கொள்ளவே முடியவில்லை. இப்போது உச்சந்தலையிலும் கொட்ட ஆரம்பித்துவிட்டது. 'வெர்டிபோர்ஃபின்' ஊசி போட்டால் தழும்பே இல்லாமல் புண் ஆறி, அங்கேயே முடி முளைக்குமாம். ஒரு கிளினிக்கில் இதற்குப் பேக்கேஜ் சொல்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா? அதுவரை வீட்டில் நுண்ணூசிகள் பதித்த டெர்மா ரோலர் உருட்டலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். இந்த ஆராய்ச்சி பொய்யில்லை. ஆனால் அது உங்கள் தலைக்கு வந்து சேரும் அளவுக்கு இன்னும் வளரவில்லை.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். உச்சந்தலையில் வேர்க்கால்கள் செத்துப்போகவில்லை, சுருங்கிக்கொண்டிருக்கின்றன. டிஎச்டி என்ற ஹார்மோனின் வேலை அது. பின்மண்டைத் தழும்பில் வேர்க்கால் என்பதே கிடையாது. முழங்காலில் ஆழமாக அடிபட்ட பழைய தழும்பு இருந்தால் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். வழவழவென்று இருக்கும், ஒரு ரோமம்கூட இருக்காது, வெயிலில் நடந்தாலும் அங்கே வியர்க்காது. புண்ணை அவசரமாக மூட உடம்பு போட்ட ஒட்டு அது. தோல் மாதிரித் தெரிந்தாலும் முழுமையான தோல் இல்லை.

அந்த ஒட்டைப் போடுவது ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள். புண்ணின் விளிம்புகள் இழுபடும்போது அந்த இழுவிசையை இவற்றில் ஒரு பிரிவு உணர்ந்து, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கட்டுக்கட்டாக நெய்துவிடுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லாங்கேக்கர் குழுவினர் 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது. இழுவிசைச் செய்தியைச் செல்லுக்குள் கொண்டுபோகும் 'யாப்' என்ற புரதத்தை வெர்டிபோர்ஃபினால் தடுத்தார்கள். சுண்டெலிகளின் புண் ஒரு மாதத்தில் ரோமத்தோடும் சுரப்பிகளோடும் ஆறியது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கும் மெய்சிலிர்த்தது. தீக்காயத்தோடு வரும் குழந்தைகளின் தலையைப் பார்க்கிற எந்தத் தோல் மருத்துவருக்கும் இப்படி ஒரு மருந்து வேண்டும் என்ற ஏக்கம் உண்டு.

ஆனால் சுண்டெலியின் தோல் தளர்வானது, சட்டை மாதிரி நழுவும். நம் தலைத்தோல் இறுக்கமானது. 2007-லேயே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோட்சரேலிஸ் குழுவினர், சுண்டெலிக்குப் பெரிய புண் உண்டாக்கினால் அதன் நடுவில் புதிய வேர்க்கால்கள் தாமாகவே உருவாவதைக் காட்டினார்கள் (முளைத்த ரோமம் வெள்ளையாக இருந்தது என்பது வேறு விஷயம்). அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் ஓடிவிட்டன, மனிதத் தலையில் அதைச் செய்துகாட்டும் சிகிச்சை எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. தழும்பைக் குறைக்கும் என்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 'ஜுவிஸ்டா' என்ற ஊசியை உருவாக்கினார்கள். மனிதர்களிடம் செய்த முதற்கட்டச் சோதனைகளில்கூட நல்ல பலன் தெரிந்தது. 2011-ல் பெரிய சோதனையில் தோற்றுப்போனது. நான் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெர்டிபோர்ஃபின் புது மருந்தல்ல. முதுமையில் வரும் விழித்திரை நோய்க்கு 2000-லிருந்து பயன்படுகிறது. ரத்தக்குழாய் வழியாக ஏற்றி, கண்ணில் லேசர் ஒளி பாய்ச்சுவார்கள். அப்படி ஏற்றிக்கொண்டவர்கள் 5 நாள் வெயிலில் தலை காட்டக் கூடாது. கண்ணுக்கு அனுமதி பெற்ற மருந்து என்பதால் தலைத்தோலுக்கும் அனுமதி கிடைத்ததாக ஆகாது. வெளிநாடுகளில் முடி மாற்று மருத்துவர்கள் சிலர், முடி எடுத்த இடத்தில் இதைச் சிலருக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணும் ஆட்களை வைத்து முடிவுக்கு வர முடியாது.

இன்னொன்றை அந்த கிளினிக்கில் சொன்னார்களா என்று தெரியவில்லை. இந்த மருந்து புதுப் புண்ணில் வேலை செய்வது. மூன்று வருடத் தழும்பின் மேல் ஊசி குத்திப் பயனில்லை. தழும்பை மறுபடி வெட்டியெடுத்து, ஆறும் புண்ணில்தான் போட வேண்டும். நினைத்தபடி நடக்காவிட்டால் இப்போதுள்ளதைவிட அகலமான தழும்பு மிஞ்சலாம். உச்சந்தலை வழுக்கைக்கோ இதில் வேலையே இல்லை.

டெர்மா ரோலர் விஷயத்தில் ஓரளவு ஆதாரம் உண்டு. 2013-ல் வெளியான மும்பை ஆய்வு ஒன்றில் 100 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். முடி வளரத் தலையில் தடவும் 5 சதவீத மினாக்சிடில் மருந்தோடு வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் ரோலரும் போட்டவர்களுக்கு, மினாக்சிடில் மட்டும் தடவியவர்களைவிட 12 வாரத்தில் முடி எண்ணிக்கை நன்றாகவே கூடியது. அது உச்சந்தலைக்கு, மருத்துவர் கையால், கிருமி நீக்கிய கருவியால். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே உருட்டுவது வேறு. தழும்பின் மேல் உருட்டவே வேண்டாம், அங்கே தூண்டிவிட வேர்க்கால் ஏதும் இல்லை. ரோலர் போட்ட அன்றைக்கு மினாக்சிடிலும் தடவாதீர்கள்.

முதலில் உச்சந்தலையைக் காப்பாற்றுங்கள். தோல் மருத்துவரிடம் காட்டி மினாக்சிடில், டிஎச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை பற்றிப் பேசுங்கள். ஃபினாஸ்டரைடால் சிலருக்குப் பாலுறவு ஆர்வம் குறையலாம், மனச்சோர்வும் வரலாம். அதைக் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பலன் தெரிய குறைந்தது ஆறு மாதம் பிடிக்கும். தழும்புக்கு, பின்மண்டையில் மிச்சமுள்ள முடிகளில் சிலவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கோட்டிலேயே நடலாம். அல்லது முடி முளைத்ததுபோல் நுண்புள்ளிகளாக நிறம் ஏற்றலாம். இரண்டாவதில் ஒரு முடியும் செலவாகாது. உங்கள் வயதுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். இன்னும் முப்பது வருடம் வழுக்கை முன்னேறலாம், பின்மண்டை முடியோ கையிருப்புப் பணம் மாதிரி, எடுக்க எடுக்கக் குறையும்.

கிளினிக்கில் மறுபடி கூப்பிட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது ஆய்வா, சிகிச்சையா?" ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும், சோதிக்கும் மருந்துக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. சிகிச்சை என்று சொன்னால், தலைத்தோலுக்கான அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.