வேட்டையில் கறுப்புக் கரடி பெரிதா சிறிதா என்று எப்படிக் கணிப்பது?

கனடாவின் வடக்கு ஒண்டாரியோவுக்கு முதல்முறையாக வசந்தகாலக் கரடி வேட்டைக்குப் போகிறீர்கள். பரணுக்கு முன்னால் வந்து நிற்பது பெரிய ஆணா, இரண்டு வயதுப் பொடிசா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே சட்பரி நகரத்துக்கு வடக்கே பல வருடங்களாக இந்த வேட்டைக்குப் போகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்து அளவு சொல்ல முயலாதீர்கள். மானுக்கும், மான் இனத்திலேயே மிகப் பெரிதான மூஸுக்கும் கொம்பு இருக்கிறது. கரடிக்கு அப்படி எதுவும் கிடையாது, உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒரே கறுப்பு. கறுப்பில் நிழல் தெரியாது. எது சதை, எது வெறும் முடி என்று கண்ணுக்குப் பிரியாது. வருவது தனியாக, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு மிருகம் இருக்காது. மே மாதத்தில் குளிர்கால முடியும் அடர்த்தியாகவே இருக்கும். எல்லாம் சேர்ந்து 60 கிலோ கரடியை 120 கிலோவாகக் காட்டிவிடும். சுட்ட பிறகு கிட்டே போனால் கரடி சுருங்கிவிட்டது என்று இங்கே வேட்டைக்காரர்கள் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

பார்க்க வேண்டியது காது. கரடிக்குக் காது சீக்கிரமே வளர்ந்து முடிந்துவிடும், சுமார் ஐந்து அங்குலம். அதன்பிறகு தலைதான் வருடா வருடம் அகலமாகிறது. அதனால் இரண்டு வயதுக் கரடிக்குக் காது இரண்டும் உச்சந்தலையில் கிட்டக்கிட்ட, தூக்கலாக நிற்கும். முகத்தில் முதலில் கண்ணில் படுவதே காதுதான். வயதான ஆணுக்குத் தலை பூசணிக்காய் மாதிரி உருண்டு அகன்றிருக்கும். காது பக்கவாட்டுக்குத் தள்ளப்பட்டு, முடிக்குள் பாதி புதைந்து, ஏதோ ஒட்டவைத்தது போலச் சின்னதாகத் தெரியும். நெற்றியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓடினால் சந்தேகமே வேண்டாம். தாடைத் தசை இரண்டு பக்கமும் புடைத்து வளர்ந்ததால் விழுகிற பள்ளம் அது. முதிர்ந்த ஆணிடம்தான் அது நன்றாகத் தெரியும். கரடி தலையைத் திருப்பும்போது தொலைநோக்கியில் இந்த இரண்டையும் பார்த்துவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது கால். குட்டையான கால், தரையைத் தொடுவது போல் தொங்கும் வயிறு என்றால் பெரிது. காலுக்கு நடுவே நிறைய வெளிச்சம் தெரிந்தால் இளசு. பெரிய ஆண் நடக்கும்போது முன்பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும், தோள் இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கும், அவசரமே இருக்காது. இளங்கரடி நாலடி வைத்து நிற்கும், பின்னால் திரும்பிப் பார்க்கும், சின்னச் சத்தத்துக்கும் மரத்தைத் தேடும். கரடியை வரவழைக்க நாம் வைத்த தீனியைத் தின்றுகொண்டிருக்கும் கரடி திடீரென்று புதரைப் பார்த்துவிட்டு ஓட்டமெடுத்தால் நீங்கள் அசையாமல் இருங்கள். அதைவிடப் பெரிது ஒன்று வருகிறது என்று பெரும்பாலும் அர்த்தம்.

தீனி வைக்கும் டிரம்மே நல்ல அளவுகோல். வழக்கமான 200 லிட்டர் இரும்பு டிரம் நின்ற நிலையில் கிட்டத்தட்ட 35 அங்குல உயரம். நாலு காலில் நிற்கும் கரடியின் முதுகு டிரம்மின் பாதிக்குச் சற்று மேலே இருந்தால் அது இளசு. விளிம்பை எட்டினால் உங்கள் கை நடுங்கத் தொடங்கும், அதில் தப்பில்லை. டிரம்மைப் படுக்க வைத்துக் கட்டியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதனால் பக்கத்து மரத்தில் 30 அங்குல உயரத்தில் ஒரு குச்சியைக் குறுக்காக அடித்துவிடுங்கள். அரையிருட்டில் அது கைகொடுக்கும்.

போகிற வழியில் ஈரமண் இருந்தால் அளவுநாடாவை எடுங்கள். முன்பாதத்தின் அடிப்பகுதி எத்தனை அங்குல அகலமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் தோலை வைத்து அது ஏறக்குறைய எத்தனை அடிக் கரடி என்று வரும். ஐந்து அங்குலத் தடம் என்றால் ஆறடிக் கரடி, அதாவது உரித்து விரித்த தோலில் மூக்கிலிருந்து வால்வரை உள்ள நீளத்தையும் முன்கால் நகத்திலிருந்து மறு நகம்வரை உள்ள அகலத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஆறடி. சேற்றில் வழுக்கிய தடம் பெரிதாகக் காட்டும். ஓரம் கூர்மையாகப் பதிந்ததை மட்டும் அளவெடுங்கள்.

எடையை நினைத்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குளிர்காலத் தூக்கத்தில் கரடி தன் எடையில் கால்வாசிவரைகூட இழந்துவிடும். அக்டோபரில் 150 கிலோ இருந்த அதே மிருகம் மே மாதம் தோல் தொங்கி நடக்கும். வட அமெரிக்க வேட்டை மிருகங்களின் சாதனை அளவுகளைப் பதியும் பூன் அண்ட் க்ராக்கெட் கிளப்பின் பதிவேட்டில் எடைக்கு இடமே இல்லாததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் அளப்பது மண்டையோட்டை, அதுவும் 60 நாள் காயவைத்த பிறகு. நீளமும் அகலமும் சேர்ந்து 21 அங்குலம் வந்தால் நிரந்தரப் பட்டியலில் இடம் உண்டு. அங்கே முதலிடத்தில் இருக்கும் மண்டையோடு 23 அங்குலத்துக்குச் சற்று மேல். அது 1975இல் அமெரிக்காவின் யூட்டாவில் செத்துக்கிடந்த கரடியினுடையது, யாரும் சுட்டதல்ல.

நான் மிகவும் அக்கறைப்படும் விஷயம் இனிமேல்தான் வருகிறது. பெரிதா சிறிதா என்று கேட்பதற்கு முன்னால், இது தனிக் கரடிதானா என்று கேளுங்கள். ஒண்டாரியோவில் வசந்தகால வேட்டை மே 1 முதல் ஜூன் 15 வரை. அந்தக் காலத்தில் குட்டியையோ குட்டியோடு இருக்கும் தாயையோ சுடுவது குற்றம். 1999இல் இந்த வேட்டையையே நிறுத்தியதும் தாயை இழந்த குட்டிகள் பட்டினியில் சாகின்றன என்ற எதிர்ப்பினால்தான். 2014இல் சோதனை முறையில் சில பகுதிகளில் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2021இல் நிரந்தரமாக்கினார்கள். குட்டி ஜனவரியில் குகைக்குள் பிறக்கும்போது அரைக் கிலோகூட இருக்காது. மே மாதத்தில் பார்த்தாலும் கையில் தூக்கிவிடலாம். தாயோ இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் ஈனும்.

சிக்கல் என்னவென்றால், தாய் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுத் தீனிக்குத் தனியாக வரும். ஒரு மாலை அப்படி ஒன்று டிரம்முக்கு வந்தது. நல்ல பருமன், தனியாகத்தான் நின்றது. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி ஒரே ஸ்ப்ரூஸ் மரத்தையே பார்த்தது. மூக்கு நீண்டு கூர்மை, கழுத்து மெலிவு, பின்பக்கம் கனம், இவையெல்லாம் பெட்டையின் அடையாளம். நான் துப்பாக்கியை மடியிலேயே வைத்திருந்தேன். இருட்டத் தொடங்கியபோது அது தொண்டைக்குள் உறுமியது, அந்த மரத்திலிருந்து பட்டையைப் பிறாண்டிக்கொண்டு இரண்டு குட்டிகள் இறங்கின.

எனவே வந்த கரடிக்கு நேரம் கொடுங்கள். பக்கவாட்டில் ஒரு தரம், நேராக ஒரு தரம், பின்னாலிருந்து ஒரு தரம் பாருங்கள். எந்தத் திசையைத் திரும்பத் திரும்பக் கவனிக்கிறது என்று பாருங்கள். சிறுநீர் கழித்தால் கவனியுங்கள்: ஆணுக்கு வயிற்றுக்கடியிலிருந்து வரும், பெட்டைக்குப் பின்பக்கமாக வரும். குகையிலிருந்து முதலில் வெளியே வருபவை முதிர்ந்த ஆண்கள், கடைசியாக வருவது புதுக்குட்டியோடு தாய். அதனால் மே முதல் பாதியில் ஆணைப் பார்க்கும் வாய்ப்பு கூடுதல். ஜூனில் இணைசேரும் காலம் தொடங்கும். பெட்டைக்குப் பின்னால் ஆண் வரும்போது இரண்டையும் அருகருகே பார்த்தால் அளவு வித்தியாசம் தானாகப் புரியும்.

கனடாவின் மேற்கில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போவதாக இருந்தால் கதை வேறு. அங்கே தீனி வைத்துக் கரடி வேட்டை கூடாது. மரம் வெட்டிய சரிவுகளில் தூரத்திலிருந்து பார்த்துத்தான் தேட வேண்டும். கறுப்புக் கரடி இனத்திலேயே பழுப்பு நிறத்தில் இருப்பதும் உண்டு, கிரிஸ்லி என்ற வேறு இனப் பழுப்புக் கரடியும் உண்டு. அங்கே முதல் கேள்வி தோளில் திமில் இருக்கிறதா என்பது. திமில் இருந்தால் துப்பாக்கியைத் தொடாதீர்கள், கிரிஸ்லி வேட்டை அங்கே 2017 முடிவிலிருந்து தடை.

தீனி இடத்தில் கேமரா கட்டியிருந்தால், காதும் டிரம்மும் ஒரே படத்தில் தெரிகிற ஒன்றைக் கேள்வியில் சேருங்கள். பார்த்துவிட்டு என் கணிப்பைச் சொல்கிறேன்.