பயந்த சுபாவமுள்ள சின்ன நாய்க்கு, அதட்டாமல் பழக்கும் ட்ரெயினரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் பொமரேனியனுக்கு ஒன்றரை வயது, லீஷைக் கையில் எடுத்தாலே சோபாவுக்கு அடியில் போய் ஒளிகிறது, பார்க்க வந்த ட்ரெயினர் "ரெண்டு வாரத்துல தைரியமாக்கிடறேன்" என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பயத்துக்குக் கெடு வைப்பவரிடம் உங்கள் குட்டியைக் கொடுக்காதீர்கள். எங்கள் பஞ்சு பட்டதை இன்னொரு நாய் படக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பஞ்சு வெள்ளை ஸ்பிட்ஸ், 5 கிலோ. ஒரு வயது வரை அடுக்குமாடி வீட்டு பால்கனியிலேயே வளர்ந்தவள். அந்தக் குடும்பம் ஊர் மாறிப் போனபோது எங்களிடம் வந்தாள். குட்டி பிறந்த 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம் வரை எதையெல்லாம் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதையெல்லாம் சுலபமாக ஏற்றுக்கொள்ளும். அந்த நாட்களில் தெருவையே பார்க்காத நாய்க்குப் பின்னால் ஆட்டோவும் பயம், குடை பிடித்து வருபவரும் பயம். இதைப் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ட்ரெயினர்களிலும் இருக்கிறார்கள்.

எங்களுக்கு முதலில் வந்தவர் அப்படிப்பட்டவர். பெரிய நாய்களை நன்றாகப் பழக்குவார் என்று அக்கம்பக்கத்தில் பெயர். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினை மாட்டி, முதல் நாளே மெயின் ரோட்டுக்கு இழுத்துப் போய் பஸ் ஸ்டாப் பக்கத்தில் நிறுத்தினார். அன்று அலறினாள். மூன்றாம் நாள் அசையாமல் நின்றாள். "பாத்தீங்களா மேடம், செட்டாயிடுச்சு" என்றார். நானும் நம்பிவிட்டேன். அம்மாதான் கண்டுபிடித்தார். தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவந்து அரிவாள்மணைக்கு எதிரே உட்காருபவள், அந்த வாரம் ஒரு நாள்கூட வரவில்லை. "இது சாதுவானதில்லடி, விட்டுப்போன மாதிரி இருக்கா" என்றார் அம்மா. அன்றோடு நிறுத்தினோம்.

தப்பிக்க வழியே இல்லை என்று தெரிந்ததும் நாய் தப்பிக்கும் முயற்சியைக் கைவிட்டுவிடும். பயம் அப்படியே இருக்கும். காட்டுவது மட்டும் நின்றுபோகும். இந்த மௌனத்தைத்தான் பலர் பலன் என்று காட்டிப் பணம் வாங்குகிறார்கள். போர்ச்சுக்கலில் 92 வீட்டு நாய்களை வைத்துச் செய்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், லீஷைச் சுண்டுவது, அதட்டுவது போன்ற முறைகளில் பழகிய நாய்களிடம் பதற்றத்தின் அடையாளங்கள் கூடுதலாக இருந்தன. பயிற்சி முடிந்ததும் எடுத்த எச்சிலில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் ஹார்மோனும் உயர்ந்திருந்தது. கிண்ணத்தில் தீனி இருக்குமா இருக்காதா என்று தெரியாத நிலையில், மிக அதிகமாகத் தண்டித்துப் பழக்கிய நாய்கள் அதை நோக்கிப் போகவே தயங்கின. அதாவது பயிற்சி நேரத்துக்கு வெளியிலும் நல்லதை எதிர்பார்ப்பது குறைந்துபோகிறது. பஞ்சு அரிவாள்மணைக்கு வராதது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சின்ன நாய்க்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்றவற்றுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகிப்போகும் நோய் வருவது அதிகம். வாத்து கத்துவதுபோல இருமும். கழுத்தை இறுக்கும் எதுவும் இதை மோசமாக்கும். ஆகவே மார்பில் பொருந்துகிற ஹார்னஸ்தான் வேண்டும். "கழுத்துல போட்டாத்தான் கன்ட்ரோல் வரும்" என்று சொல்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

"நீங்கதான் ஆல்ஃபான்னு காட்டணும்", அதாவது கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவர் என்று காட்டவேண்டும் என்பதையும் கேட்பீர்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டுப் பார்த்ததிலிருந்து வந்த கருத்து அது. அந்தச் சொல் பரவக் காரணமானவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டில் இருக்கும் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-லேயே எழுதிவிட்டார். நடுங்குகிற 5 கிலோ உயிரிடம் யார் பெரியவர் என்று காட்ட என்ன இருக்கிறது?

இரண்டாவதாக வந்த பெண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் தேடவேண்டியது அவரைப் போன்ற ஒருவரை. வந்தவர் பஞ்சுவைப் பார்க்கவே இல்லை. ஹாலில் தரையில், அவளுக்குப் பக்கவாட்டைக் காட்டி உட்கார்ந்து, எங்களிடம் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். எங்கே தூங்குகிறாள், எந்தச் சத்தத்துக்கு ஓடுகிறாள், எதைத் தின்னக் கொடுத்தால் மறுக்கமாட்டாள், கடைசியாக டாக்டரிடம் எப்போது காட்டினீர்கள். பேசிக்கொண்டே வேகவைத்த முட்டையைப் பட்டாணி அளவு பிய்த்துப் போட்டார். தன் பக்கத்தில் போடவில்லை, அவளுக்குப் பின்னால் போட்டார். அம்மா கூப்பிடப் போனபோது, "கூப்பிடாதீங்கம்மா, அவளே வரட்டும்" என்று தடுத்தார். ஏன் பின்னால் போடுகிறீர்கள் என்று கேட்டேன். தீனி ஆசையில் கிட்டே வரும் நாய், தின்று முடித்ததும் புது ஆள் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறாளே என்று திடுக்கிடும், கடிப்பதும் அப்போதுதான். பின்னால் போட்டால் விலகிப் போய்த் தின்னும், நிம்மதியாகும், பிறகு வரலாமா என்று தானே முடிவெடுக்கும் என்றார். முதல் நாள் அவர் பஞ்சுவைத் தொடவே இல்லை. இரண்டாம் முறை வந்தபோது அவருடைய செருப்பை மோந்து பார்த்தாள்.

பஞ்சுவுக்குப் பெரிய எதிரி கேஸ் சிலிண்டரை உருட்டும் சத்தம். அதைப் போனில் பதிவுசெய்து, காது மட்டும் லேசாகத் திரும்பும் அளவுக்குக் குறைவான ஒலியில் வைத்தோம். சத்தம் முதலில், முட்டை பிறகு. இந்த வரிசை முக்கியம். முட்டையை முதலில் காட்டினால் முட்டையே "ஏதோ வரப்போகிறது" என்ற எச்சரிக்கையாகிவிடும். பிடித்த தீனியைத் தின்ன மறுத்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், உடனே குறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தே நிமிடம். சரியாகச் செய்ததும் "டிக்" என்று அழுத்திக் காட்டும் கிளிக்கரின் சத்தத்துக்கும் துள்ளினாள் என்பதால் அதற்குப் பதில் "சமத்து" என்று மெதுவாகச் சொன்னோம். மாடிப்படி இறங்கித் தெருவாசலில் நிற்க ஆறு வாரம் ஆனது.

உங்கள் ட்ரெயினரிடம் போனிலேயே கேளுங்கள்: என் நாய் சொன்னதைச் செய்தால் என்ன செய்வீர்கள்? செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்? பயந்துபோய் உறைந்து நின்றால்? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "தூரமாகக் கூட்டிப்போவேன், அன்றைக்கு நிறுத்திவிடுவேன்" என்பதுபோல் பதில் வரவேண்டும். "பழகிடும்" என்றால் வேண்டாம். நீங்கள் கூடவே இருக்க அனுமதிக்காதவரும் வேண்டாம். ஒரு மாதம் தன் இடத்தில் வைத்துப் பழக்கித் தருகிறேன் என்பதற்கு, பயந்த நாயைப் பொறுத்தவரை நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். அங்கே நடப்பது உங்களுக்குத் தெரியாது, நாயால் சொல்லவும் முடியாது.

நம் நாட்டில் நாய் ட்ரெயினராக உரிமம் எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் போர்டு வைக்கலாம். கேரன் பிரையர் அகாடமி போன்ற, பரிசு கொடுத்துப் பழக்கும் முறையைச் சொல்லித்தரும் இடத்தில் படித்திருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் சான்றிதழைப் பார்த்துவிட்டு நாயைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

ட்ரெயினரை வரவழைக்கும் முன் ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சின்ன இனங்களில் முழங்கால் சில்லு விலகுவது, பல்வலி, காது வலி எல்லாம் சகஜம். வலியிருக்கும் நாயும் ஓடி ஒளியும், அதை எந்த ட்ரெயினராலும் சரிசெய்ய முடியாது. உங்கள் ஊரில் ஆள் கிடைக்காவிட்டால் வீடியோ காலில் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். அந்நியர் வீட்டுக்குள் வராததால் பயந்த நாய்க்கு அது வசதியாகவே இருக்கும்.

யாரை வரவழைத்தாலும் முதல் சந்திப்பை வீடியோ எடுங்கள். இரவு ஒலியை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். அவர் பேச்சு கேட்காதபோது உங்கள் கண் நாயிடம் போகும். வால் காலுக்கிடையில் போகிறதா, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறதா, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுகிறதா, தீனி எதுவும் இல்லாமலே உதட்டை நக்குகிறதா, அவர் கை நீண்டதும் தலை விலகுகிறதா. விலகியபோது அவர் கையை இழுத்துக்கொண்டாரா, இன்னும் கிட்டே கொண்டுபோனாரா என்று பாருங்கள். இழுத்துக்கொண்டவரை மறுநாள் வரச் சொல்லுங்கள்.