குட்டைச்சுவர் மேல் ஷெட்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டை: அண்ணா, கான்கிரீட் பேஸ்மட்டம் போட்டாச்சு. 3 அடி செங்கல் சுவர் எழுப்பி, சுவர் தலையில் இரும்பு பைப் நிறுத்தி ஷீட் போடலாமா?

வேண்டாம் தம்பி. பைப் கான்கிரீட்டிலிருந்தே எழ வேண்டும். செங்கல் நடுவில் அடைப்பு மட்டும்தான். சுவர் தலையில் நிறுத்தினால், காற்று தள்ளும்போது அந்த இணைப்பு கதவுக் கீல் மாதிரி மடங்கும். காற்று கூரையை மேலேயும் தூக்கும். கலவை அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சென்னைக் கட்டடங்களுக்கு விதி சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள், எங்கள் தெருவில் விழுந்து கிடந்த ஒரு ஷெட்டைப் பார்த்தேன். பைப்பின் அடியில் இருந்த இரும்பு பிளேட்டில் நாலு போல்ட்டும் முறுக்கு குலையாமல் இருந்தன. ஒவ்வொரு போல்ட் நுனியிலும் ஒரு செங்கல் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

காசிமேடு: பைப்பை கான்கிரீட்டில் புதைக்கலாமா, போல்ட் போடலாமா?

உங்கள் பக்கம் உப்புக்காற்று. புதைத்தால், தரையைத் தொடும் இடத்தில் தண்ணீர் தங்கி அங்கேயே துரு அரிக்கும். பைப்பின் அடி பிளேட்டைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, இடைவெளியில் கிரவுட் (நிரப்பும் சிமெண்ட் கலவை) நிரப்பி, கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) போல்ட் போடுங்கள். கான்கிரீட் ஓரத்தை ஒட்டித் துளை போடாதீர்கள், விளிம்பு பெயர்ந்துவிடும்.

திருவொற்றியூர்: பழைய சிமெண்ட் தரை மேலேயே சுவர் வைக்கலாம் என்கிறார் கொத்தனார். சரியா சார்?

அம்மா, முதலில் ஓரத்தில் தோண்டிப் பாருங்கள். மண் மேல் போட்ட 4 இன்ச் தரை அஸ்திவாரம் ஆகாது. அடியில் பீம் இருந்தால் சரி. மேல்பரப்பைக் கொத்தி, கழுவி, சிமெண்ட் பால் ஊற்றிய பிறகே முதல் செங்கல் வரி. ஈரத்துக்காக பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டாம். குட்டைச்சுவருக்கு எடை குறைவு. தாள் மேல் பிடிப்பே இருக்காது. வாட்டர்புரூஃப் கலந்த 1:3 கலவை (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) போதும்.

வியாசர்பாடி: மழையில் 3 அடி தண்ணீர் நிற்கும். நாலரை இன்ச் சுவர் தாங்குமா?

தாங்காது. அந்த அளவு தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் நின்றால், ஒரு மீட்டர் நீளச் சுவரை ஏறக்குறைய 400 கிலோ தள்ளுகிறது. 9 இன்ச் சுவரும் தன் எடையால் மட்டும் நிற்காது. பீமிலிருந்து கம்பி விட்டுப் பில்லர் எழுப்புங்கள், அடியில் தண்ணீர் போக ஓட்டை விடுங்கள்.

எண்ணூர்: நான் சுவர் தலையில்தான் நிறுத்திவிட்டேன். இடிக்கணுமா?

இடிக்க வேண்டாம். ஒவ்வொரு பைப்புக்கும் உள்பக்கம் ஒரு புது பைப்பை கான்கிரீட்டில் போல்ட் போட்டு நிறுத்தி, மேல்வரை பழையதோடு வெல்டிங் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.