அமுங்கினால் மட்டும் போதுமா? ஃபோம் மெத்தை: வாசகர் கேள்வி – பதில்

ஸ்பிரிங் இல்லாமல் முழுக்க ஃபோமாலேயே செய்த மென்மையான மெத்தை பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

மெத்தென்று இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். 'அடர்த்தி அதிகமானால் மெத்தை கெட்டியாக இருக்கும்' என்று விற்பனையாளர் சொல்கிறார். அப்படியானால் அடர்த்தி குறைந்ததைத்தானே வாங்க வேண்டும்?

கூடாது. மெத்தை விஷயத்தில் பலரும் ஏமாறும் இடம் இதுதான். அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு.

ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கிறது என்பதுதான் அடர்த்தி. மெத்தை எத்தனை காலம் உழைக்கும் என்பதை அதை வைத்துச் சொல்லலாம். கெட்டியா, மெதுவா என்பதைச் சொல்வது ஐ.எல்.டி. என்ற வேறொரு அளவு. 4 அங்குலத் தடிமனுள்ள ஃபோம் துண்டின் மேல் 8 அங்குல விட்டமுள்ள வட்டத் தட்டை வைத்து அழுத்துவார்கள். தடிமனில் கால் பங்கு அமுங்க எத்தனை பவுண்டு விசை தேவைப்படுகிறதோ அதுதான் ஐ.எல்.டி. எண். 10 முதல் 20 வரை மென்மை, 25 முதல் 30 வரை நடுத்தரம், 35-ஐத் தாண்டினால் கெட்டி. சில தயாரிப்பாளர்கள் 40 சதவீதம் அமுக்கி, நியூட்டனில் எண் தருவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

அடர்த்தி அதிகமாகவும் தொட்டால் மெதுவாகவும் இருக்கும்படி ஃபோம் செய்ய முடியும். நீங்கள் தேட வேண்டியது அதைத்தான். சாதாரண பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் என்றால் அடர்த்தி குறைந்தது 28 முதல் 32, நெடுநாள் உழைக்க 40. உடல் சூட்டில் இளகும் மெமரி ஃபோம் என்றால் 50-க்குக் கீழே வேண்டாம். அடர்த்தி குறைந்த ஃபோமில் நுரை அறைகளின் சுவர்கள் மெலிந்திருக்கும். இரவு முழுவதும் இடுப்பின் பாரம் ஒரே இடத்தில் விழ விழ, அவை உடைந்து மீண்டு எழும் தன்மையை இழந்துவிடும். முதல் மாதம் சுகமாக இருந்த மெத்தை வருடக் கடைசியில் தொட்டிலாகிவிடுவது இதனால்தான்.

இதற்கு நேர் எதிரான பொறி ஒன்றும் உண்டு. 'அடர்த்தி 100' என்று பெருமையாக எழுதியிருந்தால், அது பெரும்பாலும் ரீபாண்டட் ஃபோமாக இருக்கும். அதாவது, வெட்டித் தள்ளிய துண்டுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை. உள்ளே பல நிறத் துணுக்குகள் தெரிந்தால் அதுவேதான். அடித்தளமாகப் போட்டால் பரவாயில்லை. மென்மை தேடுகிறவர் முதுகுக்கு நேர்கீழே அது இருக்கக் கூடாது.

சொன்ன அடர்த்திதான் உள்ளே இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

எடை போட்டுப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,024-ஆல் வகுத்தால் கனமீட்டர் கிடைக்கும். உறை நீங்கலான எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

72 × 36 × 6 அங்குலத்தில் ஒரே ஃபோமாலான மெத்தை என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 0.255 கனமீட்டர். அடர்த்தி 32 என்றால் எடை 8.2 கிலோ இருக்க வேண்டும். தராசு ஐந்தரை கிலோ காட்டினால் அடர்த்தி 22-கூட இல்லை என்று அர்த்தம். பல அடுக்கு மெத்தைக்கு ஒவ்வோர் அடுக்கையும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். அதே நீள அகலத்தில் மேலே 3 அங்குலம் மெமரி ஃபோம் (அடர்த்தி 50), கீழே 5 அங்குலம் பி.யு. (அடர்த்தி 32) என்றால், மொத்தம் 13 கிலோவுக்குச் சற்றே மேல் வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். எடையைக் கூட்டுவதற்காகச் சுண்ணாம்புத்தூள் கலந்த ஃபோமும் சந்தையில் உண்டு. அது தராசை ஏமாற்றிவிடும். உழைப்பது மட்டும் மட்டமான ஃபோம் அளவுக்குத்தான். ஓரத்தை விரலால் கசக்கும்போது மாவு போல் உதிர்ந்தாலோ, மணல் போல் நெருடினாலோ அதை விட்டுவிடுங்கள். அடுத்தது, உறையைக் கழற்ற வேண்டாம் என்று லேபிளில் அச்சிட்டிருந்தால், ஜிப் இருந்தாலும் திறக்காதீர்கள். சில மெத்தைகளில் தீத் தடுப்புக்காக உள்ளுறையில் கண்ணாடி இழை சேர்த்திருப்பார்கள். அது வெளியே பறந்தால் அறை முழுவதும் ஒட்டிக்கொள்ளும், தோலை அரிக்கும், சுத்தம் செய்வது பெரும்பாடு. அப்படிப்பட்ட மெத்தையை உறையோடு எடை போட்டு, உறைக்கென்று ஒன்றிரண்டு கிலோ கழித்துத் தோராயமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

8 அங்குலமும் மென்மையான ஒரே ஃபோமாக வாங்கிவிட்டால் என்ன?

படுத்த முதல் பத்து நிமிடம் சொர்க்கம். விடிந்தால் இடுப்பு வலி. உடம்பின் பாரத்தில் பெரும்பங்கு இடுப்பிலும் தோளிலும் இருக்கிறது. தாங்குவதற்குக் கீழே ஒன்றும் இல்லையென்றால் இடுப்பு ஆழமாக இறங்கி, முதுகெலும்பு வில்லாக வளையும்.

மென்மை மேலே இரண்டு மூன்று அங்குலத்தில் இருந்தால் போதும். அடியில் 30 முதல் 35 ஐ.எல்.டி. உள்ள கெட்டியான தளம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே 25 ஐ.எல்.டி. அளவில் 2 அங்குல இடைத்தட்டு இருந்தால் இன்னும் நல்லது. அது இல்லையென்றால், புரளும்போது தோள் மெதுவான அடுக்கைத் தாண்டிப் போய்க் கெட்டித் தளத்தில் இடிக்கும். மெல்லிய ஃபோம் விரித்த பலகையில் படுத்தது போல் இருக்கிறது என்று சிலர் எழுதியிருப்பது இதைத்தான்.

மேலடுக்கின் அளவு உங்கள் எடையையும் படுக்கும் விதத்தையும் பொறுத்தது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பெலும்பும் இறங்க இடம் வேண்டும். எடை 60 கிலோவுக்குள் என்றால் இரண்டரை முதல் 3 அங்குலம், ஐ.எல்.டி. 12 முதல் 15. 60 முதல் 85 கிலோ வரை 3 அங்குலம், 15 முதல் 20. 90 கிலோவுக்கு மேல் 3 முதல் 4 அங்குலம், 20 முதல் 25. மொத்த உயரமும் 10 அங்குலமாவது இருக்கட்டும். மல்லாந்து படுப்பவருக்கு இதில் ஓர் அங்குலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குப்புறப் படுப்பவருக்கு மென்மையான மெத்தையே ஒத்துவராது. வயிறு இறங்கி இடுப்பு பின்னால் வளையும். இந்த ஐ.எல்.டி. எண்கள் பி.யு. ஃபோமுக்கும், ரப்பர் ஃபோமான லேடெக்ஸுக்கும்தான். மெமரி ஃபோமின் மென்மை அறைச் சூட்டோடு மாறுவதால் அதன் எண்ணை இவற்றோடு ஒப்பிட முடியாது.

கடையில் கையால் அமுக்கிப் பார்ப்பதில் பயனே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகத் தூங்கும் நிலையில் கால் மணி நேரம் படுங்கள். கூட வந்தவரைப் பின்னாலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒருக்களித்த நிலையில் கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு நேர்கோடாகத் தெரிய வேண்டும். மல்லாந்த நிலையில் இடுப்பு வளைவுக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் புகுந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே இடமில்லை என்றால் அளவுக்கு மீறிய மென்மை. ஒட்டி உரசிக்கொண்டு நுழைந்தால் சரி.

மெமரி ஃபோம், லேடெக்ஸ், பி.யு. மூன்றில் எது மெது? மெமரி ஃபோம் சுடும் என்கிறார்களே?

மூன்றிலும் மென்மையானது கிடைக்கும். மென்மையின் குணம்தான் வேறு. மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகி, மெல்ல இறங்கி, உடம்பைச் சுற்றி அச்சு வார்த்தது போல் பிடித்துக்கொள்ளும். இரவில் அடிக்கடி புரளுபவர்களுக்கு அந்தப் பிடி எரிச்சலைத் தரும். லேடெக்ஸ் அமுங்கிய மறுகணமே எழும்பும். அதில் தலாலே முறையில் செய்தது டன்லப் முறையில் செய்ததைவிட மென்மையாகக் கிடைக்கும். இரண்டுமே கனமானவை, ஒருவராகத் தூக்கித் திருப்ப முடியாது. பி.யு.வில் ஹெச்.ஆர். என்ற உயர் மீள்திறன் ரகம், லேடெக்ஸின் துள்ளலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

சுடும் என்பது உண்மைதான். உடம்பு ஆழமாக இறங்கும்போது அதைச் சுற்றிக் காற்றோட்டம் குறைகிறது. 'கூலிங் ஜெல்' படுத்த உடனே குளுகுளுவென்று இருக்கும். ஜெல்லும் உடல் சூட்டை எட்டியபின் வித்தியாசம் தெரியாது. புழுக்கம் தாங்காதவர்கள் மெமரி ஃபோமை 2 அங்குலத்துக்கு மேல் போகவிடாமல் பார்த்துக்கொள்ளலாம், அல்லது லேடெக்ஸுக்குப் போகலாம். குளிரான அறையில் அதே மெமரி ஃபோம் விறைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

'நாசா தொழில்நுட்பம்' என்ற விளம்பரத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1966-இல் நாசாவுக்காகச் சார்ல்ஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் விமான இருக்கைக்கென்று உருவாக்கியதுதான் மெமரி ஃபோம். பேர் உண்மை. ஆனால் உங்கள் மெத்தையின் அடர்த்தி என்ன என்பதற்கு அது பதில் ஆகாது.

முதுகு வலிக்குக் கெட்டியான படுக்கைதான் நல்லது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். மென்மையானது வாங்கப் பயமாக இருக்கிறது.

நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரிடம் ஸ்பெயினில் நடத்திய ஆய்வு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. பலகை போன்ற படுக்கைதான் மருந்து என்ற நம்பிக்கைக்கு அது ஆதரவு தரவில்லை. புதைகிற மெத்தைக்கும் தரவில்லை. எனவே வலி உள்ளவர்கள் தளத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு, மேலே 2 அங்குலம் மென்மையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போவது, வலி காலுக்கு இறங்குவது போன்றவை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது மெத்தை மாற்றித் தீரும் விஷயமில்லை.

புது மெத்தை நன்றாக இருக்கிறது, ஆனால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. மெத்தை கோளாறா?

தலையணைக் கோளாறு. மெதுவான மெத்தையில் தோள் கீழே இறங்கிவிடுகிறது. பழைய தலையணையின் உயரம் இப்போது அதிகம். ஓர் அங்குலம் தாழ்வானதை வைத்துப் பாருங்கள். உடம்பு புதுப் படுக்கைக்குப் பழக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். திருப்பித் தரும் அவகாசம் இருந்தால் அதற்குள் அவசரப்படாதீர்கள்.

எனக்கு 52 கிலோ, என் கணவருக்கு 95 கிலோ. ஒரே மெத்தை இருவருக்கும் சரிவருமா?

சிரமம். அவர் பக்கம் இறங்கும், நீங்கள் அந்தச் சரிவில் உருண்டுகொண்டே இருப்பீர்கள். ஒரே உயரமுள்ள இரண்டு ஒற்றை மெத்தைகளை, அவரவருக்கேற்ற ஃபோமோடு பக்கம் பக்கமாகப் போட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே உறை மாட்டுங்கள். நடுவிலுள்ள கோடு உறுத்தினால் மேலே ஓர் அங்குல டாப்பர் (மெத்தைமேல் விரிக்கும் மெல்லிய ஃபோம்) போதும்.

மாமியாருக்கு 76 வயது. மென்மையான மெத்தை கேட்கிறார்.

வாங்கிக் கொடுங்கள், ஆனால் ஓரத்தை முதலில் சோதியுங்கள். முழு ஃபோம் மெத்தையின் பலவீனமே விளிம்புதான். ஓரத்தில் உட்கார்ந்தவுடன் சரிந்தால், எழுந்திருக்கும்போது விழும் அபாயம் உண்டு. சுற்றிலும் 3 அங்குலத்துக்குக் கெட்டியான ஃபோம் பட்டை வைத்தது கிடைக்கிறதா என்று கேளுங்கள். அவர் அமர்ந்து மெத்தை அமுங்கிய நிலையில், பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். தொடை முழங்காலைவிடத் தாழக் கூடாது.

கைக்குழந்தையையும் அதே மெத்தையில் படுக்க வைக்கலாமா?

கூடவே கூடாது. முகம் புதைந்தால் குழந்தையால் தலையைத் திருப்ப முடியாமல் மூச்சு முட்டும். ஒரு வயது வரை கெட்டியான, சமதளமான தனிப் படுக்கைதான்.

சுருட்டி பாக்கெட்டில் வந்த மெத்தை முழுசாக விரியவில்லை. ஒரு வாடையும் அடிக்கிறது.

பெரும்பாலானவை சில மணி நேரத்தில் உயர்ந்துவிடும், சிலவற்றுக்கு மூன்று நாள்வரை ஆகும். குளிரான அறையில் இன்னும் மெதுவாக உயரும். மூன்று நாளுக்குப் பிறகும் ஒரு மூலை அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் அழுத்தத்தில் கிடந்த சரக்காக இருக்கலாம். வாடை ஃபோம் தயாரிப்பில் மிஞ்சிய ஆவிகளால் வருவது. ஜன்னலைத் திறந்து, விரிப்புப் போடாமல் இரண்டு மூன்று நாள் விட்டால் போய்விடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதுவரை வேறு அறையில் படுப்பது நல்லது. செர்டிபியுஆர்-யு.எஸ்., ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 போன்ற, வேதிப்பொருள்களைச் சோதித்துத் தரும் சான்று பெற்றதை வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

ஒரு வருடத்தில் குழி விழுந்துவிட்டது. உத்தரவாதம் செல்லாது என்கிறார்கள்.

உத்தரவாத அட்டையில் 'ஓர் அங்குலம்' அல்லது 'ஒன்றரை அங்குலம்' என்று ஓர் எண் இருக்கும். யாரும் படுக்காதபோது தெரியும் குழியின் ஆழம் அது. விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் குறுக்கே ஒரு நேரான கம்பை வைத்து, நடுவில் அளவுகோலை அமுக்காமல் நிறுத்தி அளந்து, படம் எடுத்து அனுப்புங்கள். படுக்கும்போது மட்டும் இறங்கி, எழுந்ததும் சமமாகிவிடுகிற தளர்ச்சியை எந்த உத்தரவாதமும் ஏற்பதில்லை.

அதோடு கட்டிலையும் பாருங்கள். சட்டங்களுக்கு இடையே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபோம் அதற்குள் பிதுங்கி உடையும். இதையே காரணம் காட்டிக் கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள். முழுப் பலகை போட்டால் துளைகள் இட வேண்டும். தரையிலோ துளையற்ற பலகையிலோ போட்டால், இரவு வியர்வையின் ஈரம் அடியில் தங்கிக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் ஃபோம் சீக்கிரம் தளரும். வாரம் ஒரு முறை சுவரோரம் நிமிர்த்தி வைத்துக் காற்றாட விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடுங்கள். அடுக்கு மெத்தையைக் கவிழ்க்காதீர்கள், மென்மை அடியில் போய்விடும்.

குழி விழுந்த மெத்தைமேல் டாப்பர் போட்டால் டாப்பரும் அதே குழியில்தான் உட்காரும். டாப்பர் சமமான, ஆனால் கெட்டியான மெத்தைக்கு மட்டுமே வைத்தியம்.

பஞ்சு மெத்தை போல வெயிலில் காயப் போடலாமா? கறை பட்டால்?

சுள்ளென்ற வெயில் வேண்டாம். வெளிச்சத்தில் பி.யு. மஞ்சளிக்கும்; அது பார்வைக்குத்தான் குறை. லேடெக்ஸோ நாளடைவில் வறண்டு பொடியாகும். நிழலில் காற்று போதும். கறைக்கு முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் முழுக்க உலர்த்துங்கள். மேலே தண்ணீர் ஊற்றிவிட்டால் நடுவில் உள்ள ஈரம் பல நாளானாலும் வெளியேறாது. நீர் புகாத, மெல்லிய, இழுபடும் பின்னல் துணிப் பாதுகாப்பு உறையை முதல் நாளே மாட்டிவிடுங்கள். தடித்த தையல் போட்ட உறையோ, விறைப்பாக இழுத்துக் கட்டிய விரிப்போ மேலடுக்கின் மென்மையை உங்களுக்கு எட்டவே விடாது.