இரவில் நேராக வரும் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

எனக்கு 46 வயது. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவைக் கவனிக்கிறேன். பதினைந்து வருடங்களாகக் குடிக்கிறேன். தினமும்தான், ஆனால் ராத்திரி வீட்டில் மட்டும். பகலில் தொட்டதில்லை. எங்கும் விழுந்து கிடந்ததில்லை, யாரையும் அடித்ததில்லை, வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. காலையில் கை கொஞ்சம் நடுங்கும், பி.பி.யாக இருக்கலாம். அதனால் முக்கியமான தாள்களை வீட்டுக்கு எடுத்துவந்து ராத்திரியில் கையெழுத்துப் போடுகிறேன். அப்போது ஒழுங்காக வருகிறது.

என் மனைவி என்னைக் குடிநோயாளி என்கிறாள். எனக்குத் தெரியாமல் சாப்பாட்டில் பொடி ஒன்றைக் கலந்து கொடுக்கலாமா என்று அவள் தன் அக்காவிடம் பேசியது காதில் விழுந்தது. அவமானமாகப் போய்விட்டது. மூன்று வருடம் முன்பு ஒரு மாதம் நிறுத்திக் காட்டியவன் நான். வரும் சனிக்கிழமை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரேயடியாக விட்டுவிடப் போகிறேன். டாக்டர், மறுவாழ்வு மையம் எல்லாம் முற்றிப்போனவர்களுக்குத்தானே? நான் குடிநோயாளியா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் அந்தச் சனிக்கிழமைத் திட்டத்தைக் கைவிடுங்கள். குடியை விடவேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, திடீரென்று விடவேண்டாம்.

மது மூளையை மந்தப்படுத்தும். வருடக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்டத் தன்னை எப்போதும் முறுக்கேற்றி வைத்துக்கொள்கிறது. ஒருநாள் மது வராவிட்டால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வேறு சிலருக்கு புத்தி குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. உங்களுக்கு ஆகாது என்று நீங்களோ நானோ சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கையெழுத்து விஷயத்தில்தான் நான் நின்றுவிட்டேன். பி.பி.யால் நடுங்கும் கை ராத்திரி இரண்டு ரவுண்டுக்குப் பிறகு எப்படி நிற்கும்? (பரம்பரையாக வரும் ஒருவகை நடுக்கமும் மதுவில் அடங்கும். ஆகவே டாக்டர் பார்த்துத்தான் முடிவாகச் சொல்லவேண்டும்.) ஜான் யூயிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1984-இல் வெளியிட்ட நான்கு கேள்விகளை இன்றும் மருத்துவர்கள் கேட்கிறார்கள். குடியைக் குறைக்கவேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? அதைப்பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வருகிறதா? குற்றவுணர்வு உண்டா? காலையில் எழுந்ததும் உடம்பு நிலைக்கு வர ஒரு வாய் தேவைப்பட்டதுண்டா? இரண்டுக்கு ஆம் என்றாலே மேற்கொண்டு பரிசோதிக்கவேண்டும். நான்காவதற்கு நீங்கள் கம்பீரமாக ‘இல்லை’ என்பீர்கள். காலையில் தேவைப்பட்டதை ராத்திரிக்குத் தள்ளிவிட்டு, கூடவே தாள்களையும் தள்ளிவைத்திருக்கிறீர்கள்.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் கேட்டுவிட்டீர்கள், என் அபிப்பிராயம் ஆம் என்பதுதான். தெருவில் விழுந்து கிடப்பவரை மனதில் வைத்துக்கொண்டு அளந்தால் நாம் எல்லோருமே பாஸாகிவிடுவோம். அந்த ஒரு மாதத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மறுபடி எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதவில்லை. டாக்டர் அதைத்தான் கேட்பார்.

முற்றிப்போனவர்களுக்குத்தான் டாக்டர் என்பது வீண் பேச்சு. மனநல மருத்துவரிடம் போங்கள். நடுக்கமும் வலிப்பும் வராமலிருக்க மாத்திரை கொடுத்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். நாள்பட்ட குடியில் வைட்டமின் பி1 குறைந்திருக்கலாம், அது மூளையைப் பாதிக்கும் என்பதால் அதற்கும் ஊசியோ மாத்திரையோ உண்டு. முன்பு வலிப்பு வந்திருந்தால், வேறு நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்வார்கள். மற்ற பலர் வீட்டிலிருந்தபடியே இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள். அதன்பிறகு குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. நடுவில் ஒருநாள் சறுக்கினால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சிகிச்சையைத் தொடர அது தடையில்லை.

அந்தப் பொடி கூடவே கூடாது. அதில் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால், மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு மேற்கொண்டு சிதையாமல் தேங்கிவிடும். முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் வரை போய்விடலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மருத்துவர் தரவேண்டிய மருந்து அது. உங்கள் மனைவி மேல் கோபப்படாதீர்கள். அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்று, குடியை விட விரும்புகிறவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். அறுவை சிகிச்சைக்குப் போகும் நாளில் கை நடுங்காமலிருக்கக் குடித்த பீர்தான் டாக்டர் பாப் கடைசியாகத் தொட்ட மது. ஜூன் 10, 1935 என்ற அந்தத் தேதியையே அமைப்பு தன் தொடக்கநாளாக வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் கேட்கமாட்டார்கள், குடியை விடும் விருப்பம் இருந்தால் போதும். கடவுளைப் பற்றிய பேச்சு அங்கே நிறைய வரும். சிலருக்கு அது ஒத்துவராது. போய்ப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

இந்த வாரமே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். அதுவரை வண்டி ஓட்டாதீர்கள். வலிப்போ குழப்பமோ வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். டாக்டரிடம் மனைவியோடு போங்கள். இத்தனை எழுதியும் தினமும் எவ்வளவு என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. டாக்டர் கேட்டால் குறைத்துச் சொல்வீர்கள். மனைவி பக்கத்தில் இருந்தால் திருத்துவார். மாத்திரையின் அளவை டாக்டர் அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் எழுதுவார்.